ஃப்ரீசர் அவர்களுடையது, கடை யாருடையது?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் சின்ன ஐஸ்கிரீம் கம்பெனி நடத்துகிறேன். அப்பா சைக்கிளில் பெட்டி கட்டி, மணியடித்து, குச்சி ஐஸ் விற்று ஆரம்பித்த தொழில். இப்போது 14 பேர் வேலை பார்க்கிறார்கள், இரண்டு லைன் வண்டி ஓடுகிறது. இரண்டரை வருடமாக ஒரு பெரிய கம்பெனி எங்கள் பக்கம் கடை கடையாக டீப் ஃப்ரீசர் இறக்கி வருகிறது. இலவசம்தான். ஆனால் அதில் அவர்கள் சரக்கைத் தவிர வேறு ஐஸ்கிரீம் வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். இருபது வருடம் எங்களிடம் வாங்கிய கடைக்காரர்களே "வைக்க இடமில்ல அண்ணாச்சி" என்கிறார்கள். போன சித்திரையில் அவர்கள் சேல்ஸ்மேன் ஒரு கடையில் எங்கள் கப்புகளை எடுத்து வெளியே வெயிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றும் ஸ்கீம் போடுகிறார்கள். அந்த விலைக்கு எங்களால் முடியவே முடியாது. வெளிநாட்டில் இப்படிப்பட்ட கம்பெனிகளை கவர்மென்டே உடைத்துவிடும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். நம் நாட்டில் அப்படிச் சட்டம் உண்டா? எங்கே போய்ச் சொல்வது? பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

மகன் சொன்னதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த நம்பிக்கையோடு டில்லிக்கு மனு அனுப்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உடைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 கம்பெனிகளாகச் சிதறியது. 1984-இல் ஏ.டி. அண்ட் டி. டெலிபோன் கம்பெனி பிரிந்தது. நடுவில் எத்தனை வருடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2000-இல் மைக்ரோசாஃப்டை இரண்டாக்கச் சொல்லி ஒரு நீதிபதி உத்தரவு போட்டார். அடுத்த வருடமே மேல்முறையீட்டில் அது ரத்தாகிவிட்டது. தேடல் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பெழுதிய அதே நீதிபதி அமித் மேத்தா, 2025 செப்டம்பரில் குரோமை விற்கச் சொல்ல மறுத்துவிட்டார். நம் போட்டிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவிலும் ஆதிக்க நிறுவனத்தை, அதாவது சந்தையைத் தன் பிடியில் வைத்திருக்கும் நிறுவனத்தை, பிரிக்க அதிகாரம் இருக்கிறது. இன்றுவரை அது ஏட்டில்தான் இருக்கிறது.

பெரிதாக இருப்பது எந்த நாட்டிலும் குற்றமில்லை. நல்ல சரக்கு போட்டு, மலிவாகக் கொடுத்து, ஊரையே வளைத்துப் போட்டாலும் சட்டம் கை வைக்காது. இதைச் சொன்னதும் என்னிடம் வழக்குக்கு வருகிறவர்கள் முகம் வாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் உள்ளே வரும் கதவைச் சாத்துகிறாயா என்பதைத்தான் சட்டம் கேட்கும். உங்கள் கடிதத்தில் புகார் ஒன்றல்ல, மூன்று. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இந்தப் புகார்களை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொடுத்தால், பலவீனமானது பலமானதையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அதனால் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கோடை ஸ்கீம். மன்னிக்கவும், இதில் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கிறது. போட்டியாளரை ஒழித்துக்கட்ட அடக்கத்துக்கும் கீழே விற்பது நம் சட்டத்தில் தவறு. ஆனால் யாருடைய அடக்கம்? அவர்களுடையது. அதிலும் பொதுவாகப் பார்ப்பது சராசரி மாறும் செலவைத்தான். அதாவது பால், சர்க்கரை, கவர், கூலி, கரண்ட் என்று உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவு. ஒரு பேச்சுக்கு, 20 ரூபாய் கோனை இரண்டாகக் கொடுத்தால் ஒன்று 10 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அடக்கமே 11 ரூபாய் என்றால் வயிறு எரியும். லாரி லாரியாகப் பால் பவுடர் வாங்குகிறவனுக்கு அது 7 ரூபாயில் முடிந்தால் அங்கே சட்டத்துக்கு வேலையில்லை.

இதில் நாடுகளுக்கு நாடு கண்டிப்பு மாறும். அமெரிக்காவில் 1993-இல் புரூக் குரூப் என்ற சிகரெட் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு நிபந்தனையும் சேர்த்தது. நஷ்டத்துக்கு விற்றவன் பிறகு விலையை ஏற்றி அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க வாய்ப்பிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே இந்த வகைப் புகாரில் ஜெயிப்பது குதிரைக்கொம்பு. ஐரோப்பாவில் அந்த இரண்டாவது நிபந்தனை கிடையாது. நம் ஊரில் முதல் கேள்வியே வேறு: விற்கிறவன் ஆதிக்க நிலையில் இருக்கிறானா? ஜியோ இலவசமாக டேட்டா கொடுத்தபோது ஏர்டெல் புகார் செய்தது. ஜியோ அப்போதுதான் சந்தைக்குள் வந்தது, ஆதிக்கத்தில் இல்லை என்று சொல்லி 2017-இல் ஆணையம் அந்தப் புகாரை மூடிவிட்டது. உங்கள் பக்கம் இரண்டரை வருடத்துக்கு முன்னால் வந்த கம்பெனியும் இதையே சொல்லும். ஆகவே இந்தப் புகாரை மனுவின் ஓரத்தில் ஒரு பத்தியாக வைத்தால் போதும்.

இரண்டாவது, சேல்ஸ்மேன் சங்கதி. வெயிலில் வைக்கப்பட்ட கப்புகளின் விலை சில நூறு ரூபாய்தான் இருக்கும். ஆனால் இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். அமெரிக்காவில் வாயில் அடக்கிக்கொள்ளும் ஈரப் பொடிப் புகையிலை விற்கும் யு.எஸ். டொபாக்கோ என்ற கம்பெனியின் கையில் சந்தையில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தது. அதன் சேல்ஸ்மேன்கள் கடை கடையாகப் போய், கான்வுட் என்ற போட்டிக் கம்பெனியின் சரக்கு மாட்டியிருந்த ஸ்டாண்டுகளைக் கடைக்காரர் அனுமதி இல்லாமலே கழற்றித் தூக்கிப் போட்டார்கள். கென்டக்கியில் ஜூரி 35 கோடி டாலர் நஷ்டம் என்று கணித்தது. அமெரிக்கச் சட்டப்படி அது மும்மடங்காகி 105 கோடி டாலர் ஆனது. 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொதுவாகப் பெரிய கம்பெனிகள் பக்கம் சாயும் அமெரிக்க நீதிமன்றமே அங்கே இரங்கவில்லை. அது ஒரு பையனின் சேட்டை இல்லை, ஆயிரக்கணக்கான கடைகளில் திட்டமிட்டு நடந்தது என்று கான்வுட் காட்ட முடிந்ததுதான் காரணம். உங்களிடம் இப்போது இருப்பது ஒரு கடை, ஒரு நாள். இது இன்னும் எத்தனை கடைகளில் நடந்தது? தேதி போட்டு எழுத ஆரம்பியுங்கள்.

மூன்றாவது ஃப்ரீசர். உங்கள் கேஸின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதே சண்டையை, இதே ஐஸ்கிரீமுக்காக, அயர்லாந்தில் 16 வருடம் போட்டிருக்கிறார்கள்.

அங்கே எச்.பி. என்று யூனிலீவருக்குச் சொந்தமான கம்பெனி. கடையில் நின்றபடி வாங்கிப் பிரித்துச் சாப்பிடும் ஒற்றை ஐஸ்கிரீம் சந்தையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அதன் கையில். கடைகளுக்கு ஃப்ரீசரைத் தனியாகக் காசு வாங்காமல் கொடுத்தார்கள், ரிப்பேரும் அவர்களே பார்த்தார்கள். ஒரே நிபந்தனை: உள்ளே எச்.பி. சரக்கு மட்டும். 1989-இல் மார்ஸ் சாக்லேட் கம்பெனி ஐஸ்கிரீமோடு வந்தது. கடைக்காரர்கள் அதையும் எச்.பி. பெட்டிக்குள்ளேயே போட ஆரம்பித்தார்கள். எச்.பி. விடவில்லை. மார்ஸ் கோர்ட்டுக்குப் போனது. "பெட்டி எங்கள் சொத்து. அதில் யார் சரக்கு இருக்கலாம் என்று நாங்கள்தான் சொல்வோம்" என்ற எச்.பி.யின் வாதம் 1992-இல் அயர்லாந்து உயர் நீதிமன்றத்தில் எடுபட்டது. மார்ஸ் தோற்றது.

உங்கள் பக்கம் ஃப்ரீசர் இறக்கும் பெரிய கம்பெனியின் வக்கீலும் இந்த இடத்தில்தான் நிற்பார். "காசு போட்டு ஃப்ரீசர் வாங்கியது நாங்கள், கடைக்காரர் விரும்பிக் கையெழுத்துப் போட்டார், பிடிக்காவிட்டால் திருப்பித் தரட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஐரோப்பிய ஆணையம் அதற்கு மயங்காமல் கடைகளை எண்ணப் போனது. அயர்லாந்தில் சுமார் 40 சதவீதக் கடைகளில் எச்.பி. பெட்டியைத் தவிர வேறு ஐஸ்கிரீம் பெட்டியே இல்லை. கடையோ சின்னது. இரண்டாவது பெட்டிக்கு இடமில்லை. இருக்கும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் அதிகம் விற்கும் சரக்கைக் கொடுக்கிறவனின் பெட்டியை யார் திருப்பிக் கொடுப்பார்? இன்னொரு நுணுக்கத்தையும் ஆணையம் பிடித்தது. பெட்டி வாங்கிய கடைக்கும் வாங்காத கடைக்கும் ஐஸ்கிரீம் விலை ஒன்றுதான். அப்படியானால் பெட்டியின் செலவு ஐஸ்கிரீம் விலையிலேயே ஒளிந்திருக்கிறது, வாங்காதவனும் சேர்த்துத்தான் அதற்குக் காசு கட்டுகிறான். பிறகு யார்தான் வேண்டாம் என்பான்? 1998-இல் ஆணையம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்றது. சொத்துரிமை உண்டு, ஆனால் ஆதிக்கத்தில் இருப்பவன் அதைக் காட்டிச் சந்தையை அடைக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2006-இல் கடைசி மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இத்தாலியில் நடந்தது உங்களுக்கு இன்னும் நெருக்கம். ஏனென்றால் அங்கே புகார் கொடுத்தது மார்ஸ் மாதிரி இன்னொரு யானை இல்லை. லா போம்பா என்ற சின்ன குச்சி ஐஸ் கம்பெனி. கடற்கரைக் கடைகளிலும் பார்களிலும் யூனிலீவரின் விநியோகஸ்தர்கள் போட்ட ஒப்பந்தங்களால் தன் சரக்கு உள்ளே போக முடியவில்லை என்றது. 2017-இல் இத்தாலியப் போட்டி அமைப்பு யூனிலீவருக்கு 6 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. "ஒப்பந்தம் போட்டது விநியோகஸ்தர், நாங்கள் இல்லை" என்று கம்பெனி வாதாடியது. அந்த வழக்கில் 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. விநியோகஸ்தர் கம்பெனியின் கொள்கையை நிறைவேற்றும் கைதான் என்றால் பழி கம்பெனிக்கே. ஆனால், "இந்த ஒப்பந்தத்தால் யாரும் வெளியே தள்ளப்படவில்லை" என்று கம்பெனி கணக்குக் காட்டினால், அமைப்பு அதைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலாவது உங்களுக்கு ஆதரவு. நாளைக்கு "எங்கள் ஸ்டாக்கிஸ்ட் செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். இரண்டாவது உங்களுக்கு வேலை.

மெக்சிகோ நகரத்தில் இஸ்தபலாபா என்ற பகுதி. அங்கே பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி, பெருவில் இருந்து வந்த பிக் கோலாவையும் வாங்கி வைத்தார். அதை எடுக்காவிட்டால் கோக் வராது என்று சப்ளைக்காரர் சொன்னார். அந்த அம்மாள் சண்டைக்குப் போனார். 2005-இல் கோகோ கோலாவுக்கும் அதன் பாட்டிலிங் கம்பெனிகளுக்கும் சேர்த்து 6.8 கோடி டாலர் அளவுக்கு அபராதம் விழுந்தது. நான் இதை அடிக்கடி சொல்வேன். காரணம், அங்கே புகார் சொன்னது கம்பெனி இல்லை, கடைக்காரர். உங்கள் கேஸில் அப்படி ஒரு கடைக்காரர் கிடைத்தால் பத்து வக்கீலுக்குச் சமம்.

சரி, நம் ஊர்ச் சட்டம். போட்டிச் சட்டம் 2002-இல் வந்தது. ஆதிக்கம் பற்றிய பிரிவுகள் 2009 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னால், ஏகபோகத்தைக் கட்டுப்படுத்த 1969-இன் எம்.ஆர்.டி.பி. சட்டம் இருந்தது. சந்தையில் கால் பங்கு வைத்திருந்தாலே அதில் ஆதிக்க நிறுவனம் என்று முத்திரை விழும். புதிய சட்டத்தில் அப்படி எண் எதுவும் இல்லை. எத்தனை சதவீதம் என்றால் ஆதிக்கம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜெர்மனியில் 40 சதவீதம் என்றால் ஆதிக்கம் என்று அனுமானிப்பார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 1991-இல் இருந்து 50 என்கிறது, சீனாவிலும் 50. தென்னாப்பிரிக்காவில் 45-ஐத் தொட்டால் மறுபேச்சில்லை. 35-க்கும் 45-க்கும் நடுவே என்றால் "எனக்கு அந்தப் பலம் இல்லை" என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் பாதி சந்தை வைத்திருந்தாலும் ஏகபோகம் என்று சட்டென்று சொல்ல மாட்டார்கள். 1945-இல் அலுமினியக் கம்பெனி வழக்கில் ஒரு நீதிபதி 90 போதும், 60 சந்தேகம், 33 நிச்சயமாகப் போதாது என்று எழுதியதைத்தான் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். நம் ஆணையம் பங்கோடு சேர்த்து, கம்பெனியின் பண பலம், போட்டியாளர்களின் அளவு, வாங்குகிறவர் எவ்வளவு சார்ந்திருக்கிறார், புதிதாக நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாவற்றையும் எடை போடும்.

அதற்கும் முன்னால் ஒரு மல்லுக்கட்டு இருக்கிறது: எந்தச் சந்தை? அவர்கள் "இந்தியா முழுக்க, ஐஸ்கிரீம், குல்ஃபி, ஃப்ரோஸன் டெசர்ட், குளிர்பானம் எல்லாம் ஒரே சந்தை" என்று விரிப்பார்கள். அவ்வளவு அகலமான பாயில் அவர்கள் பங்கு ஓரத்தில்தான் இருக்கும். நீங்கள் "தென் மாவட்டங்களில், கடையில் நின்று சாப்பிடும் ஒற்றை ஐஸ்கிரீம்" என்று சுருக்க வேண்டும். பால் கொழுப்பில் செய்வதுதான் ஐஸ்கிரீம், தாவர எண்ணெயில் செய்வது ஃப்ரோஸன் டெசர்ட் என்று உணவுச் சட்டம் பிரிக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். போட்டிச் சட்டத்தில் அது உதவாது. பத்து ரூபாயோடு நிற்கும் பையன் இதற்குப் பதில் அதை வாங்குவானா என்பதே இங்கே அளவுகோல். பெரும்பாலும் வாங்குவான். எனவே அந்தப் பிரிவினையில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆதிக்கம் நிரூபணம் ஆனால் 4-ஆம் பிரிவு. அடுத்தவருக்குச் சந்தைக்குள் வழியில்லாமல் செய்வதை அது நேரடியாகத் தடுக்கிறது. ஆதிக்கம் நிரூபணம் ஆகாவிட்டாலும் கதை முடியவில்லை. 3-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, விற்கிறவருக்கும் கடைக்காரருக்கும் இடையிலான "என் சரக்கு மட்டும்" ஒப்பந்தங்களைப் பற்றியது. அதற்கு ஆதிக்க நிலை வேண்டியதில்லை. போட்டிக்குக் கணிசமான கெடுதல் நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று காட்டினால் போதும். உங்கள் பக்கம் ஒரு பெரிய கம்பெனியா, இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு ஃப்ரீசர் இறக்குகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மூன்று பேர் என்றால் 4-ஆம் பிரிவு கை கொடுக்காது. கூட்டாக ஆதிக்கம் என்ற கருத்து நம் சட்டத்தில் இல்லை. அப்போது 3(4) ஒன்றே வழி. மனுவில் இரண்டையும் எழுதச் சொல்வேன்.

"போட்டிக்குக் கெடுதல்" என்று வாயால் சொல்லிவிட முடியாது. 2025 மே மாதம் ஷாட் கிளாஸ் என்ற கண்ணாடிக் குழாய் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதிகம் வாங்குகிறவர்களுக்கு அதிகத் தள்ளுபடி கொடுத்ததற்காக 2012-இல் ஆணையம் அந்தக் கம்பெனிக்கு 5.66 கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த அபராதத்தை ஏற்கவில்லை. நடத்தையால் சந்தையில் உண்மையில் என்ன பாதிப்பு என்று அலசாமல் தண்டிக்க முடியாது என்றது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உங்கள் இரண்டு லைனிலும் இருக்கும் எல்லாக் கடைகளும் அதில் வர வேண்டும். உங்களிடம் வாங்குகிற கடை மட்டும் இல்லை, வாங்காத கடையும். ஊர், கடை, எத்தனை ஃப்ரீசர், யாருடையது, எந்த மாதம் வந்தது, இன்னொரு ஃப்ரீசருக்கு இடமும் ப்ளக்கும் இருக்கிறதா, உங்கள் சரக்கு கடைசியாக எப்போது போனது, அதற்கு முந்தைய கோடையில் எவ்வளவு போனது. அயர்லாந்தின் 40 சதவீதத்தைப் போல உங்கள் கையிலும் ஓர் எண் இருக்க வேண்டும். அது 15 என்று வந்தால் என்னிடம் வர வேண்டாம். சேமித்த பணத்தில் பத்துக் கடைக்குச் சொந்தமாக ஃப்ரீசர் வாங்கிப் போடுங்கள். 45, 50 என்று வந்தால் பேசலாம்.

ஃப்ரீசரைத் திறந்து படமும் எடுங்கள், கடைக்காரர் சம்மதத்தோடு. ஏன் என்கிறேன். போன மாதம் ஒரு கடையில் சோடா குடிக்க நின்றேன். கம்பெனி பெயர் போட்ட ஐஸ்கிரீம் ஃப்ரீசர். கடைக்காரம்மா கண்ணாடியைத் தள்ளினார். மேலே கோன், கீழே இரண்டு பாக்கெட் இட்லி மாவு, ஓர் ஓரத்தில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூ, விரால் மீனோ என்னவோ கறுப்புக் கவரில். "கம்பெனிக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்றேன். "இதுக்கெல்லாம் என்ன சொல்லப் போறாக? வேற ஐஸ் வெச்சாத்தான் வைவாக" என்றார். அந்த அம்மாளுக்குத் தெரியாமலே ஒரு கேஸின் பாதியைச் சொல்லிவிட்டார். கம்பெனி கோர்ட்டில் சொல்லும் காரணம் எப்போதும் சுத்தமும் குளிர்நிலையும் தரமும்தான். மீனுக்கும் மாவுக்கும் கலையாத தரம் உங்கள் கப்புக்கு மட்டும் கலைகிறது என்றால், அந்த நிபந்தனை எதற்காகப் போடப்பட்டது என்று விளக்க வேண்டியதே இல்லை.

காலக்கெடுவைக் கவனியுங்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு, புகாருக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து 3 வருடத்துக்குள் ஆணையத்திடம் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். உங்கள் இரண்டரை வருடத்தில் மிச்சம் ஆறு மாதம். ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருப்பதால் காரணமும் தொடர்கிறது என்று வாதாடலாம்தான். வாதாட வேண்டிய நிலைமை எதற்கு?

மனுவை டில்லியில் இருக்கும் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போட வேண்டும். சென்னையிலும் அதற்கு மண்டல அலுவலகம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்தான் போட வேண்டும் என்றில்லை, யாரும் போடலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டணம் உங்கள் விற்றுமுதலுக்கு ஏற்ப இருக்கும். உங்கள் பெயரை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்கவும் வழி உண்டு, ஆனால் இந்த மாதிரிக் கேஸில் ஊரில் யார் என்று யூகிக்க ஒரு நாள் ஆகாது. ஆணையம் முதலில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் தன் விசாரணைப் பிரிவின் தலைமை இயக்குநரை விசாரிக்கச் சொல்லும், இல்லாவிட்டால் அங்கேயே மூடிவிடும். பெரும்பாலான மனுக்கள் விழுவது இந்த முதல் படியில்தான். நோட்டுப் புத்தகம் அதற்குத்தான்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். சென்னையில் இருக்கும் மேட்ரிமோனி டாட் காம் கூகுள் மேல் புகார் கொடுத்தது 2012-இல். 135.86 கோடி ரூபாய் அபராத உத்தரவு வந்தது 2018 பிப்ரவரியில். அந்த மாதிரிப் பணம் புகார்தாரருக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அபராதம் மத்திய அரசின் கஜானாவுக்குப் போகும். உங்கள் நஷ்டத்துக்கு, உத்தரவுக்குப் பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். அமெரிக்காவில் போல மும்மடங்கெல்லாம் இல்லை. விசாரணை நடக்கும்போதே இடைக்கால உத்தரவு கேட்கலாம், கிடைப்பது அபூர்வம்.

இதை எல்லாம் படித்துச் சோர்ந்துவிடாதீர்கள். அபராதத்தை விட உங்களுக்கு வேண்டியது வேறு. 2005-இல் ஐரோப்பாவில் கோகோ கோலா ஒரு வாக்குறுதி கொடுத்துத் தன் வழக்கை முடித்துக்கொண்டது. கடையில் வேறு குளிர்பானத்துக்குக் குளிர்ப்பெட்டி இல்லை என்றால், கோக் கொடுத்த பெட்டியில் 20 சதவீத இடத்தைக் கடைக்காரர் இஷ்டம்போல் பயன்படுத்தலாம். 2016-இல் தென்னாப்பிரிக்காவில் இரண்டு பெரிய பீர் கம்பெனிகள் இணைந்தபோதும், சின்னத் தயாரிப்பாளர்களுக்கு ஃப்ரிட்ஜில் 10 சதவீதம் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2024-இல் இருந்து நம் சட்டத்திலும் இப்படி வாக்குறுதி கொடுத்து விசாரணையை முடித்துக்கொள்ள வழி வந்துவிட்டது. விசாரணைக்கு உத்தரவு வந்தாலே, பெயர் கெடுவதற்குப் பயந்து பெரிய கம்பெனி இதற்கு இறங்கி வரலாம். அதனால் மனுவில் "அபராதம் போடுங்கள்" என்பதோடு, "வேறு ஃப்ரீசர் இல்லாத கடைகளில் ஐந்தில் ஒரு பங்கு இடம் திறக்கட்டும்" என்றும் எழுதுங்கள். அந்த ஒரு தட்டு கிடைத்தாலே உங்கள் லைன் வண்டி பழையபடி ஓடும்.

சுற்றுவட்டாரத்தில் உங்களைப் போல இன்னும் நாலைந்து ஐஸ்கிரீம்காரர்கள் இருப்பார்கள். சேர்ந்து மனுப் போடுவது நல்லது, செலவும் பிரியும். ஆனால் கூடி உட்காரும்போது விலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. "நாமும் கோனுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைப்போம்", "உன் லைனுக்கு நான் வரமாட்டேன்" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அது கார்ட்டெல், அதாவது போட்டியாளர்கள் தங்களுக்குள் போட்டியைக் கைவிடும் ரகசியக் கூட்டு. சின்னவர்கள் சேர்ந்து செய்தாலும் கார்ட்டெல்தான். இதே ஆணையம் எத்தனையோ மருந்து வணிகர் சங்கங்களுக்கு அபராதம் போட்டிருக்கிறது. புகார் கொடுக்கப் போய்க் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களும் உண்டு.

கடைக்காரர் கையெழுத்துப் போட்டாரே, அந்தத் தாளின் நகல் எனக்கு வேண்டும். ஃப்ரீசர் இறக்கும்போது ஒரு பிரதியைக் கடையில் விட்டிருப்பார்கள், பெரும்பாலும் கல்லாவுக்குள் கரண்ட் பில்களோடு கிடக்கும். டெபாசிட் வாங்கினார்களா, எத்தனை மாதத்துக்கு, திருப்பிக் கொடுத்தால் என்ன பிடித்தம், "வேறு ஐஸ்கிரீம் கூடாது" என்பது ஃப்ரீசருக்குள் மட்டுமா, கடைக்குள்ளேயே கூடாது என்றா. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு மனு எழுத உட்காரலாம்.